மெருகும் கூரும்

(தொழிற்பள்ளி மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாள்தோறும் பட்டறைகளில் கையாளப்பட்டும் பாடப் புத்தகங்களில் போதிய இடம் பெறாத ஒரு பொருளைப் பற்றி இன்று உங்களிடம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஹார்டுவேர்க் கடைகளில் சோப்புக் கட்டி அளவில், பச்சையும் சிவப்பும் பழுப்பும் வெள்ளையுமாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பாலிஷ் கட்டிதான் அது. குத்துவிளக்கைப் பளபளக்கச் செய்ய வேண்டிய பாத்திரப் பட்டறைக்காரரும் அதை வாங்குகிறார். உளியின் வாயை மயிர் மழிக்கும் அளவுக்குத் தீட்ட வேண்டிய தச்சரும் அதையே வாங்குகிறார். ஒருவர் நாடுவது ஒளியை. மற்றவர் நாடுவது கூரை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற குணங்கள்போலத் தோன்றினாலும், ஒரே கட்டி இரண்டையும் அளிக்க வல்லதாக இருப்பதற்குக் காரணம், மூலத்தில் அவை இரண்டும் ஒரே காரியத்தின் இரு பயன்கள் என்பதே. அந்த ஒருமையை விளக்கி, அதிலிருந்து தொழில் செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் எவை என்பதையும், மெருகு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுவதே என் நோக்கம்.

மெருகு என்றதும் பலருடைய மனத்தில் எழுவது ஏதோ ஒரு பூச்சின் எண்ணம். மரத்துக்கு வார்னிஷ் பூசுகிறோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஆகவே உலோகத்துக்கு மெருகு ஏற்றுவதும் அத்தகைய வேலைதான் என்று எண்ணிவிடுகிறோம். உலோகத்தின்மேல் நாம் எதையும் ஏற்றுவதில்லை. இருப்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருகிறோம். அரம் போட்ட பித்தளைத் துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். உழுது போட்ட வயலைப்போல மேடும் பள்ளமுமாகச் சால்கள் ஓடுவதைக் காண்பீர்கள். அந்தத் துண்டை எமரித் தாளில் தேய்த்துவிட்டு மறுபடியும் பாருங்கள். பழைய சால்கள் மறைந்து, அவற்றைவிட ஆழம் குறைந்த புதிய சால்கள் நெருங்கி ஓடும். மேலும் மேலும் நுண்ணிய பொடியைக் கொண்டு தேய்க்கத் தேய்க்க, சால்கள் ஒழிவதில்லை. அவை சிறுத்துக்கொண்டே போகின்றன. அவ்வாறு சிறுத்து, ஒரு நிலையில் ஒளியின் கண்ணுக்கே அவை தப்பிவிடுகின்றன. அந்த நிலைக்கே மெருகு என்று பெயர்.

ஒளியின் கண்ணுக்குத் தப்புவது என்று நான் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சு அன்று. நமக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரை; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு; நம்முடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன் உடையது. கீறல்கள் இந்த அலைநீளத்தைவிடப் பெரியனவாக இருக்கும்வரையில், விழுகிற ஒளி கண்டபடி சிதறி, உலோகம் மங்கலாகவே தோன்றும். கீறலின் ஆழம் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னமாகக் குறைந்துவிட்டால், ஒளி சிதறாமல் ஒழுங்காகத் திரும்பி, எதிரில் நிற்பவருடைய முகத்தையே காட்டத் தொடங்கும்.

இனிக் கத்திக்கு வருவோம். கத்தியின் வாய் என்பது இரண்டு சரிந்த தளங்கள் வந்து கூடுகிற ஒரு கோடு. அந்தத் தளங்கள் இரண்டிலும் சால்கள் ஓடுமானால், அவை கூடும் கோடு நேராக இருக்க முடியாது. ஒவ்வொரு சாலும் வாயை வந்து சேரும் இடத்தில் ஒரு பல்லும் ஒரு பள்ளமும் உண்டாகும். தளத்தின் கீறல் எவ்வளவு ஆழமோ, வாயின் கரடும் அவ்வளவு. ஆகவே, இரு தளங்களின் மெருகுக்கு மேற்பட்ட கூர் எந்தக் கத்திக்கும் வாய்ப்பதில்லை. விளக்கில் நாம் ஒளியாகக் காண்பதும், சவரக் கத்தியில் கூராக உணர்வதும், கீறல்களைச் சிறுக்கச் செய்த அந்த ஒரே உழைப்பின் விளைவுகளேயாகும்.

இவ்வளவு தெளிவாக இன்று சொல்லிவிடக்கூடிய இந்த விஷயத்தில், அறிவியல் அறிஞர்களிடையே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் கருத்து வேற்றுமை இருந்துவந்தது என்பதை அறிந்தால் வியப்புறுவீர்கள். 1704-ல் வெளிவந்த தம்முடைய ஒளியியல் நூலில் ஐசக் நியூட்டன், மெருகுப் பொடிகள் கண்ணாடியைக் கீறித் தேய்ப்பவையே என்றும், அக்கீறல்கள் கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு நுண்மையாகிவிடுவதே மெருகு என்றும் கருதினார். 1901-ல் ராலே பிரபு மெருகையே பொருளாகக் கொண்டு லண்டனில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அரைத்த கண்ணாடியின் மேடுகளில் முதலிலேயே முழு மெருகுடைய சிறு திட்டுகள் தோன்றி, அவையே விரிந்துகொண்டு போவதை உருப்பெருக்கியில் கண்ட அவர், அரைப்பு வேறு, மெருகு வேறு என்னும் முடிவுக்கு வந்தார். பிறகு ஜார்ஜ் பெய்ல்பி, தேய்க்கப்பட்ட உலோகத்தின் மேல்தோல் திரவம்போல இளகி ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது என்று 1921-ல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அந்த மேல்தோலுக்கு அவர் பெயரே நெடுங்காலம் வழங்கிவந்தது.

1937-ல் பௌடன், ஹியூஸ் என்ற இருவரும் செய்த பரிசோதனை நம்மவர்க்கு விசேஷமான சுவை தரத்தக்கது. ஏனெனில் அதில் அவர்கள் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று கற்பூரம். கற்பூரம் சுமார் 178 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உருகுவது. கையால் நொறுக்கிவிடக்கூடிய அளவுக்கு மென்மையானது. அந்தக் கற்பூரம், 70 டிகிரியளவில் உருகிவிடும் வுட் உலோகம் என்னும் கலவைக்கு மெருகு தந்தது. அதைவிட உயர்ந்த உஷ்ணத்தில் உருகுகிற வெள்ளீயத்தையும் காரீயத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொடியின் கடினம் முக்கியம் அன்று, உருகுநிலையே முக்கியம் என்றும், உராய்வின் வெப்பத்தால் மேடுகளின் நுனிகள் இளகி மெருகு பிறக்கிறது என்றும் அவர்கள் முடிவு கட்டினார்கள். இந்தச் சித்தாந்தம் சில காலம் நிலைத்தது. அதன்பின் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லெனார்ட் சாமுவல்ஸ் என்ற உலோகவியலார் பல ஆண்டுகள் உழைத்து, மிக உயர்ந்த மெருகிலும் நுண்கீறல்கள் இருப்பதையும், துணியில் பொதிந்த ஒவ்வொரு துகளும் ஒரு சிற்றுளியாக நின்று உலோகத்தைச் சீவுவதையும் காட்டினார். 1967-ல் வெளியான அவருடைய நூல், உலோகங்களைப் பொறுத்த வரையில், நியூட்டனின் பழைய கருத்துக்கே பெரும்பாலும் வெற்றி தேடித் தந்தது.

அந்த ஆராய்ச்சியிலிருந்து தொழிலாளி எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. முரட்டுத் தாளால் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற கீறல் மட்டும் உண்டாவதில்லை. அதன் அடியில், கீறலைவிட ஆழமாக, நசுங்கிச் சிதைந்த ஓர் அடுக்கும் உண்டாகிறது. அடுத்த தாளின் கடமை மேலே தெரியும் கீறலை மறைப்பதோடு தீர்ந்துபோவதில்லை. அந்தச் சிதைந்த அடுக்கையும் அது எடுத்தாக வேண்டும். கீறல் மறைந்தபின்னும் சற்று நேரம் தேய்க்க வேண்டும் என்று பழைய பட்டறைக்காரர்கள் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, காரணம் கூறப்படாத உத்தரவாக இருந்தாலும், காரணமற்ற உத்தரவாக இருக்கவில்லை.

பாலிஷ் கட்டியில் இருப்பவை இரண்டே: உலோகத்தைச் சீவும் நுண்பொடி ஒன்று, அதைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்போ மெழுகோ மற்றொன்று. ஸ்டியரிக் அமிலமும் விலங்குக் கொழுப்பும் மெழுகும் வெவ்வேறு அளவுகளில் கலக்கப்படுகின்றன. இந்தக் கொழுப்புக்கு வேலை பல: பொடியைச் சக்கரத்தில் ஒட்டவைப்பதும், உராய்வைத் தணிப்பதும், சூட்டை அடக்குவதும், சீவப்பட்ட உலோகத் துகளை ஏந்திச் செல்வதும் அதன் கடமைகள். பொடிகளில் இரும்பு ஆக்ஸைடு செந்நிறமானது; பொன், வெள்ளி ஆகியவற்றுக்கு இறுதி ஒளி தருவது; இதை ரூஜ் என்று நகைத் தொழிலில் சொல்வார்கள். குரோமியம் ஆக்ஸைடு பச்சை. எஃகுக்கும் குரோமியம் பூசிய சாமான்களுக்கும் உகந்தது. டிரிப்போலி என்பது மணற்சத்துள்ள ஒருவகை மென்கல்லின் பழுப்புப் பொடி; பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் முதல் மெருகுக்கு உரியது. வெள்ளைக் கட்டியில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு இருக்கும். எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு அது ஏற்றது. ஆயினும் நிறம் என்பது உற்பத்தியாளர்களின் வழக்கமே ஒழியச் சட்டம் அன்று. பச்சைக் கட்டிகளிலேயே குரோமியம் ஆக்ஸைடோடு அலுமினியம் ஆக்ஸைடும் கலந்தவை உண்டு. ஆதலால் நிறத்தை நம்பாமல், உள்ளிருக்கும் பொடி எது, அதன் துகள் எத்தனை மைக்ரான் என்று கேட்டறிந்து வாங்குவதே விவேகம்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இரும்பு ஆக்ஸைடு சுமார் 6, குரோமியம் ஆக்ஸைடு 8-க்கு மேல், அலுமினியம் ஆக்ஸைடு 9, வைரம் 10. பதப்படுத்திய சாதாரணக் கத்தி எஃகு 7-ஐ ஒட்டி நிற்பதால், பச்சைக் கட்டி அதை எளிதாகச் சீவிவிடும். வனேடியம் மிகுதியாகச் சேர்ந்த இக்காலத்துச் சில எஃகுகளில், வனேடியம் கார்பைடு என்னும் துகள்கள் அலுமினியம் ஆக்ஸைடையும் விஞ்சிய கடினம் உடையன. அத்தகைய கத்திகளுக்கு வைரப் பொடியே ஏற்றது.

இந்தத் துறையில் நம் நாட்டுக்கு இடம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அலுமினியம் ஆக்ஸைடின் இயற்கை உருவமாகிய குருந்தக்கல் பழைய சேலம் ஜில்லாவில் கிடைப்பது. சித்தம்பூண்டிப் பாறைகளில் உள்ள குருந்தம் நிலவியலாரிடையே பேர் பெற்றது. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து உருக்கிச் சக்கரமாக வார்த்துச் சாணை பிடிப்பது இந்நாட்டின் பழைய தொழில்முறைகளுள் ஒன்று. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிஸன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடேற்றிக் கார்போரண்டம் என்னும் கடினப் பொருளைச் செயற்கையாக உண்டாக்கிய பிறகு, சாணைத் தொழிலின் நிலைமையே மாறிப்போயிற்று. 1954-ல் முருகப்பா குடும்பத்தார் அமெரிக்க, ஆங்கிலக் கம்பெனிகளோடு கூடிக் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்க, திருவொற்றியூர் இத்தொழிலின் ஒரு முக்கிய நிலையமாயிற்று.

இனிக் கத்தி தீட்டும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பாலிஷ் கட்டியைக் கொண்டு மழுங்கிய கத்தியைக் கூராக்கிவிடலாம் என்று நம்புவோர் பலர். அது கல் செய்ய வேண்டிய வேலை. 1000 எண்ணுள்ள தீட்டுக்கல்லின் துகள் ஏறக்குறைய 15 மைக்ரான். பச்சைக் கட்டியின் துகள், நல்ல தரமானதாக இருந்தால், அரை மைக்ரான் அளவே. கல் ஒரு நிமிஷத்தில் எடுக்கும் உலோகத்தை அந்தப் பொடி எடுக்க நாள் கணக்கில் தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் கல்லில், கோணம் மாறாமல், ஒரு பக்கம் முழுவதும் தீட்ட வேண்டும். வாய் உண்மையாகவே கூடிவிட்டதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: மறுபக்கத்தில், நுனியிலிருந்து அடிவரையில், மெல்லிய பிசிறு ஒன்று எழுந்திருக்கும். கட்டைவிரலைக் கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்கே மெதுவாக இழுத்தால் அது விரலில் தட்டுப்படும். வாயின் நெடுகிலும் விரலை ஓட்டிப் பார்ப்பது அறியாமை. பிசிறு எழாத இடம் தீட்டப்படாத இடம். இப்படி இரு பக்கமும் முடித்து, அதைவிட நுண்ணிய கல்லிலும் தீட்டிய பிறகே தோலுக்கு வர வேண்டும்.

ஒரு மட்டமான பலகையில் தடித்த தோலை ஒட்டி, அதன்மேல் கட்டியை மெல்லிய படலமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டி இறுகிப்போய்த் தோலில் பிடிக்காவிட்டால், சற்று வெயில் காட்டினால் இளகிவிடும். கத்தியைத் தோலின்மேல் படியவைத்து, முதுகு முன்னே செல்ல, வாய் பின்னே வர இழுக்க வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தோல் அறுபடும், வாயும் கெடும். அழுத்தம் கத்தியின் பாரத்துக்கு மேல் அதிகம் வேண்டியதில்லை. இழுப்பின் முடிவில் கத்தியைச் சுழற்றித் தூக்காமல், நிறுத்தி, முதுகின்மேல் புரட்டி, எதிர்ப்பக்கத்தை இழுக்க வேண்டும். சில இழுப்புகளுக்குள் பச்சைப் படலத்தில் கருங்கோடுகள் தோன்றும். கத்தியிலிருந்து சீவப்பட்ட எஃகே அந்தக் கருமை. பொடி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேறு வேண்டியதில்லை. முடிவில் கத்தியை விளக்கொளியில் வாய் மேலாகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெண்கோடாக மின்னும். கூரான வாயில் ஒளி தங்க இடமே இராது.

இதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டே. அழுத்தி இழுத்தால், வாய் கடந்து சென்றவுடன் அமுங்கிய தோல் மேலெழுந்து அதன் நுனியை உருட்டிவிடும். கட்டியை அப்பித் தடவினாலும் அதே கேடு. கல்லின் வேலையைக் குறையாக விட்டுத் தோலுக்கு வந்தால், பழைய பற்களின் நுனிகள் மட்டும் மினுமினுத்து, பார்க்க அழகாகவும் வெட்டப் பயனற்றும் இருக்கும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், எலக்ட்ரான் நுண்பெருக்கியில் கத்தி வாய்களைப் படம் பிடித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெறுந்தோலில் தீட்டுவதால் உண்டாகும் மாறுதல் சொற்பம் என்றும், குரோமியம் ஆக்ஸைடு தடவிய தோலே வாயைச் சவரக் கத்தியின் தரத்துக்கு நெருங்கச் செய்கிறது என்றும் கண்டார்.

எல்லாக் கத்திக்கும் இந்த மெருகு வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பதே என் விடை. மரத்தைச் சீவும் இழைப்புளியின் தகடு, செதுக்குளி, சவரக் கத்தி ஆகியவை நேராகத் தள்ளி வெட்டுவன; அவற்றுக்கு மெருகே உயிர். தக்காளியின் தோலையும் தேங்காய் நார்க் கயிற்றையும் இழுத்து அறுக்கிற கத்திக்குச் சிறிது பல் இருப்பது நன்மை. அரிவாள்மனையைத் தீட்டுக்கல்லோடு நிறுத்திவிடுகிற நம் வீட்டுப் பெண்மணிகள், அந்தப் பொருளின் உபயோகத்தை அறிந்தே நிறுத்துகிறார்கள். சமையற்கத்திக்குக் கட்டி தடவினால், சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய்கறியைத் தொட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது துணிச்சக்கரம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் போன்ற ஒரு வார்ப்புச் சாமானை எடுத்துக்கொள்வோம். வார்த்த மேல்தோலை அரத்தாலும் கடைசலாலும் நீக்கி, எமரித் தாள்களை எண் வரிசையில் மாற்றி மாற்றித் தேய்ப்பது முதல் கட்டம். ஒவ்வொரு தாளையும் முந்தியதற்குக் குறுக்கான திசையில் தேய்த்தால், பழைய கீறல் எஞ்சியிருப்பது உடனே தெரிந்துவிடும். பிறகு நார்ச்சக்கரமோ நெருக்கித் தைத்த துணிச்சக்கரமோ கொண்டு டிரிப்போலி. சாமானை நன்றாகக் கழுவித் துடைத்த பின், தளர்ந்த துணிச்சக்கரத்தில் ரூஜ். ஒரு கட்டிக்கு ஒரு சக்கரம் என்பது இத்தொழிலின் தலையாய விதி. டிரிப்போலி ஏறிய சக்கரத்தில் ரூஜைத் தடவினால், முரட்டுத் துகள் ஒன்று நின்றுகொண்டு மற்ற எல்லாத் துகள்களின் உழைப்பையும் அழித்துக்கொண்டேயிருக்கும். சாமானைச் சக்கரத்தின் ஓட்டத்துக்கு எதிராக அழுத்தி நகர்த்தினால் அது சீவும்; ஓட்டத்தோடு இலேசாக நகர்த்தினால் அது ஒளியேற்றும். இந்த இரண்டு அசைவுகளையும் கை தானாகவே தெரிந்துகொள்ளும்வரை பழக வேண்டும்.

சக்கரத்தின் வேகத்தை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். நிமிஷத்துக்கு 2800 சுற்றுச் சுழலும் மோட்டாரில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைப் பூட்டினால், அதன் விளிம்பு விநாடிக்கு 29 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு சாமானின் ஓரம் துணியில் சிக்கினால் அது கையைவிட்டுப் பறந்துபோகும். ஆகையால் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழேதான் சாமானை வைக்க வேண்டும். ஓரம் எப்பொழுதும் சக்கரம் ஓடும் திசையையே நோக்கியிருக்க வேண்டும். கத்தியானால் இந்த ஜாக்கிரதை இரு மடங்கு அவசியம். தொங்கும் துண்டும், வேட்டித் தலைப்பும், தளர்ந்த கையுறையும் சக்கரத்தின் அருகே ஆகா. மற்றோர் ஆபத்து உஷ்ணம். கார்பன் எஃகுக் கத்தி, பதம் பார்த்த உஷ்ணத்துக்கு மேல், அதாவது பெரும்பாலும் 200 டிகிரி அளவைத் தாண்டிச் சூடேறினால், கடினம் இழந்துவிடும். மெல்லிய வாய் அந்தச் சூட்டை ஒரு கணத்தில் எட்டும். கையால் பிடிக்க முடியாத சூடு வந்தால் தண்ணீரில் தோய்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

வேகத்தால் ஆகாத மெருகும் ஒன்று உண்டு. கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி வெறும் உலோகத்தாலானது. செம்போடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலம் அது. அதைச் செய்வோரின் முன்னோர் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து சென்றவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். அந்தத் தகட்டை மரக்கட்டையில் பதித்து, சாக்குத்துணி கட்டிய பலகையில் எண்ணெயும் நுண்பொடியும் இட்டு, பிறகு அதனினும் மென்மையான துணியில், நாட்கணக்கில் கையாலேயே தேய்க்கிறார்கள். விரல் நுனியை அதன்மேல் வைத்தால், விரலும் பிம்பமும் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தொடுவதைக் காணலாம். சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்புறம் இருப்பதால் அந்த இடைவெளி மறையாது. துணிச்சக்கரம் பளபளப்பைத் தரும். ஆனால் தளத்தை அலையலையாக்கி, ஓரங்களை உருட்டிவிடும். உண்மையான பிம்பம் வேண்டுமானால் கீறலின்மையோடு சமதளமும் வேண்டும். அதற்குக் கடினமான பிடிப்பும் பொறுமையான கையும் தேவை. வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷலும் இத்தகைய வெண்கலத்திலேயே தொலைநோக்கி ஆடிகளைச் செய்தார்; ஓர் ஆடியை முடிக்க 16 மணி நேரம் கையெடுக்காமல் அவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டிக் காத்தார் என்று அந்த அம்மையாரே எழுதிவைத்திருக்கிறார். 

மெருகு என்பது குறைத்தல் என்று தொடக்கத்தில் கூறினேன். அதன் மறுபக்கத்தையும் இப்போது நினைக்க வேண்டும். ஒவ்வொரு மெருகும் பொருளில் சிறிதைத் தின்றே பிறக்கிறது. புதிய விளக்குக்கு அது நஷ்டம் அன்று. நூற்றாண்டுகள் கண்ட ஒரு செப்புத் திருமேனியைச் சக்கரத்தில் கொடுத்தால், சிற்பி உளியால் இட்ட ஆபரணக் கோடும் விரல்நக வரையும் மழுங்கிப்போகும். காலம் அளித்த பசுமையும் செம்மையுமான மேல்தோல் அழிந்துபோகும். போன பளபளப்பை நாளைக்கு மீட்கலாம். போன கோட்டை எவராலும் மீட்க முடியாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் தொடங்கப்பட்ட இரசாயனக் கூடத்தில் டாக்டர் பரமசிவன், வெண்கலத்தை அரிக்கும் நோய்க்கு மின்முறைச் சிகிச்சை செய்தது, பழம்பொருளைத் தேய்க்காமலே காக்கும் வழியைத் தேடிய முயற்சியாகும். வீட்டுப் பூஜையிலுள்ள பழைய விக்கிரகத்தைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லி எவரேனும் பட்டறைக்குக் கொண்டுவந்தால், மெல்லிய துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற தொழிலாளியே தொழிலின் தர்மத்தை அறிந்தவன்.

கடைசியாக, தேய்ந்துபோகும் மற்றொன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சக்கரத்திலிருந்து எழும் தூசியில் பொடியும் உலோகமும் துணிநாரும் கலந்திருக்கின்றன. டிரிப்போலியில் இருப்பது மணற்சத்து. அதன் மிக நுண்ணிய தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிகோஸிஸ் என்னும் நோய் வரும். வந்தபின் அதைப் போக்கும் மருந்து இல்லை. பச்சைப் பொடியிலுள்ள குரோமியம், முலாம் போடும் தொட்டியிலுள்ள கொடிய குரோமியத்தைப் போன்ற நஞ்சு அன்று. ஆனாலும் சுவாசிக்கத்தக்கதும் அன்று. அலுமினியத் தூசியும் இரும்புத் தூசியும் ஒரே குழாயில் சேர்ந்தால், ஒரு பொறி பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். இவற்றைத் தடுக்க வேண்டுவன அரிய சாதனங்கள் அல்ல: சக்கரத்தின் பின்னால் தூசியை உறிஞ்சும் விசிறியும் குழாயும், முகத்துக்குத் தக்க மூடி, தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம், உண்ணுமுன் கைகழுவுதல், ஆண்டுக்கொருமுறை மார்பைச் சோதித்துக்கொள்ளுதல், இவ்வளவே.

ஒரு விளக்கின் விலையில் பித்தளைக்கும் கூலிக்கும் கணக்குப் போடுகிறோம்; அந்த விசிறிக்கும் மூடிக்கும் கணக்குப் போடுவதில்லை. மாணவ நண்பர்களே, நீங்கள் நாளைக்குப் பட்டறை நடத்தப்போகிறவர்கள். முறை தவறாமல் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்து அடுத்ததற்குச் செல்லுங்கள். எதற்கு எவ்வளவு மெருகு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்துங்கள். முதல் சக்கரத்தை வாங்கும் அன்றே தூசியை உறிஞ்சும் விசிறியையும் வாங்குங்கள். உலோகத்தைத் தேய்த்து வாழ்கிற தொழிலில் மனிதனும் சேர்ந்து தேய வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை என்பதை உங்கள் பட்டறைகளைக் கொண்டு நீங்கள் நிரூபிக்க வேண்டும்.